எட்டா, பதினாறா, முப்பத்திரண்டா?

நாளைக்கு வேண்டியிருக்குமே என்று இன்றைக்கே கூடுதலாக வாங்கி வைப்பது முன்யோசனையா, பேராசையா? அறநூல்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வி, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கணினிக் கடையில் என் முன்னால் வந்து நின்றது. தம்பி மகள் பாலிடெக்னிக்கில் கணக்கியல் படிக்கப் போகிறாள். அவளுக்கு மடிக்கணினி பார்த்துக்கொண்டிருந்தோம். "ரேம் 16 ஜிபி இப்பப் போதும் அக்கா. ரெண்டு வருஷம் போனா பத்தாது. 32 எடுத்துருங்க" என்றார் விற்பனையாளர்.

அவர் பேச்சில் நியாயம் உண்டு. முன்பெல்லாம் குறைந்த ரேமோடு வாங்கிவிட்டு, பத்தாதபோது சிம் லிம் ஸ்குவேர் கடைகளுக்குப் போய் இன்னொன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாம். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கும் நாளில் எடுக்கும் முடிவுதான் கடைசிவரை.

அந்த முடிவை எடுக்க ஒரு பழைய அறம் எனக்குத் துணைக்கு வந்தது. சமணம் இல்லறத்தாருக்கு வகுத்த ஐந்து விரதங்களில் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. அருங்கலச்செப்பு என்ற தமிழ் நூல் இந்த இல்லற ஒழுக்கங்களைக் குறட்பாக்களில் சொல்கிறது. துறவி எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். இல்லறத்தார் அப்படி விட வேண்டியதில்லை. இவ்வளவு எனக்குப் போதும் என்று தாமே எல்லை கட்டிக்கொள்ள வேண்டும். எல்லையைப் பொருள் கைக்கு வருவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும் என்பதில்தான் இந்த விரதத்தின் பலம் இருக்கிறது. கடையில் நின்றுகொண்டு அளவு குறித்தால், குறிப்பது ஆசைதான்.

அதனால் அன்று வாங்காமல் வீடு திரும்பினோம். அவளுடைய பழைய 8 ஜிபி கணினியில் வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறக்கச் சொன்னேன். பிரவுசரில் வரிசையாக டேப்கள், ஜூம், எக்செல், பின்னணியில் பாட்டு. டாஸ்க் மேனேஜரில் நினைவகம் 90 சதவீதத்தைத் தாண்டியது. ரேம் நிரம்பினால் கணினி மிச்சத்தைச் சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குத் தள்ளும். அது ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால், ஒரு டேபிலிருந்து அடுத்ததற்குப் போகவே திணறியது. ஆக, 8 பத்தாது. வீடியோ எடிட்டிங், ஒரே கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது போன்ற வேலைகளுக்கு 32 வேண்டியிருக்கலாம். அவள் படிப்பில் அவை இல்லை. தேவைக்கு மேற்பட்ட ரேம் வேகத்தையும் கூட்டாது.

எல்லை கட்டுவது கஞ்சத்தனம் ஆகிவிடவும் கூடாது. மலிவு என்று 8 வாங்கி இரண்டே ஆண்டில் தூக்கிப் போட்டால் அதுவும் அறமல்ல. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. படிப்பு முடியும்வரை ஓட வேண்டும் என்று கணக்கிட்டு, 16 என்று தாளில் எழுதிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனோம். மிச்சமான வெள்ளியில் ஒரு பங்கை வீரமாகாளியம்மன் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தோம்.

முன்யோசனைக்கும் பேராசைக்கும் நான் கண்ட வேறுபாடு இதுதான்: கூடுதலாக வாங்குவது எந்த வேலைக்கு என்று முன்யோசனைக்காரரால் சொல்ல முடியும். நீங்களும் அந்த வேலையின் பெயரை முதலில் தாளில் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால், அந்தக் கூடுதல் ஜிபி உங்களுக்கு வேண்டாம்.