நகல் ஆயுதமும் பூசையும்

அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டு வெளிவந்த விஞ்செஸ்டர் துப்பாக்கி, சுடுவிசையைச் சூழ்ந்த வளையத்தையே லீவராகக் கொண்டு, அதை ஒருமுறை கீழே இறக்கி ஏற்றினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழ, அடுத்த தோட்டா குழலின் பின்முனையில் ஏறி நிற்கும்படி அமைந்தது. அதே வடிவிலும் இயக்கத்திலும் அத்துப்பாக்கியை இத்தாலியின் உபெர்த்தி நிறுவனம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறது. பழைய உருவில் புதிதாய்ப் பிறந்த இத்தகைய ஆயுதம் மதிப்புக்கு உரியதா, போலியா என்னும் வினா, ஆயுத பூசையன்று அரிவாளுக்கும் டிராக்டருக்கும் ஒருசேரச் சந்தனம் குங்குமம் இடும் தஞ்சைப் பகுதிக்கு அயலானதன்று.

சைவ ஆகம மரபு இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. பழுதுற்றதைப் புதுப்பிக்கும் முறையைச் சீர்ணோத்தாரணம் என்றும், அப்போது திருமேனியின் ஆற்றலைக் கும்பநீருக்கு மாற்றும் சடங்கைக் கலாகர்ஷணம் என்றும், பணி முடியும்வரை வழிபாடு நடக்கும் தற்காலிக இடத்தைப் பாலாலயம் என்றும் அது வகுத்திருப்பதால், அளவும் இலக்கணமும் வழுவாது செய்யப்பட்ட புதுத் திருமேனி, உரிய சடங்குகள் நிறைவேறியபின் பழையதன் இடத்தில் குறைவின்றி அமர்கிறது. மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளின் பணியும் இந்த நம்பிக்கையின்மேல் நிற்பதே.

இதைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்திய நிகழ்ச்சி தஞ்சை மாவட்டத்திலேயே நடந்தது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட சோழர்கால நடராசர், பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்ட இடத்தில் படியெடுக்கப்பட்டு, படி கோயிலுக்கு வந்துசேர, மூலம் கைமாறிக் கடல்கடந்து அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையை அடைந்து, வழக்குக்குப்பின் 1986இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. உண்மை வெளிப்படும்வரை படியின்முன் கைகூப்பியவர்களின் வழிபாடு வீணாயிற்று என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. அங்கே பொய்யாக இருந்தது வார்க்கப்பட்ட உலோகமன்று. அதை மூலம் என்று சொல்லி ஒப்படைத்த செயலே பொய். தன்னைப் புதியது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கப்படும் துப்பாக்கியில் அந்தக் குற்றம் இல்லை. அதே துப்பாக்கியைத் தேய்த்துக் கறையேற்றிப் பழம்பொருள் என்று விற்பவரிடம் அது முழுமையாக உண்டு.

உயிரைப் பறிக்கும் கருவி பூசைக்கு உரியதா என்பது இதனினும் ஆழமான வினா. சிவாலயங்களில் தீர்த்தவாரியின்போது, அதாவது இறைவன் நீராடும் விழாவில், திரிசூல வடிவான அஸ்திரதேவரே இறைவன் சார்பில் நீரில் இறங்குகிறார். 2016ஆம் ஆண்டு மகாமகத்திலும் கும்பகோணத்தில் அஸ்திரதேவர்களுக்கே தீர்த்தவாரி நடந்தது. அழிக்கும் ஆற்றல் இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டு, மக்களோடு நீராட வரும் நிலையில்தான் அதை இம்மரபு வணங்குகிறது. காவிரி தோன்றும் குடகிலும் இதற்கு இணையான வழக்கம் உண்டு: நாற்று நடவு முடிந்தபின் வரும் கைல்பொத்து விழாவில் கொடவர்கள், வேளாண் நாட்களில் பூசையறையில் ஒதுக்கி வைத்திருந்த துப்பாக்கிகளைச் செங்காந்தள் மலர் சூட்டி வணங்கி வெளியே எடுப்பர். உழவு நடக்கும்போது ஆயுதம் ஓய்ந்திருக்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கை நெல் விளையும் தஞ்சை எளிதில் புரிந்துகொள்ளும்.

நாட்டின் சட்டமும் ஆயுதத்தை வயதுகொண்டு மட்டும் எடைபோடுவதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட இயலாத தொன்மையான துப்பாக்கிக்கே விலக்கு அளிக்கிறது. ஆகவே முப்பாட்டனின் துப்பாக்கியாயினும் சுடுமானால் உரிமம் வேண்டும், நேற்றுச் செய்யப்பட்டதற்கும் அவ்வாறே. பூசையின் அளவுகோலும் இதனோடு ஒத்துப்போகிறது. முறையான உரிமத்துடன், புதியது என்று அறிந்தே வாங்கி, பயிர்காவலுக்கோ இலக்குப் பயிற்சிக்கோ பொறுப்போடு பயன்படுத்தி, ஆயுத பூசையன்று தோட்டா நீக்கிக் கீழே வைக்கப்படும் நகல் துப்பாக்கிக்கு அரிவாளுக்குரிய அதே இடம் உண்டு. திருமணத்திலும் ஊர்வலத்திலும் பெருமைக்காக வானத்தை நோக்கிச் சுடப்படும் துப்பாக்கி சோழர் காலத்து வாளுக்கு நிகரான பழமை உடையதாயினும் அந்தப் பூசைக்குத் தகுதியற்றது.