நாணயத்துக்கு ஒரு லிமிட்

தமிழில் நாணயம் என்றால் காசு. சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம்தான். ‘நாணயமான ஆளு’ என்று ஊரில் ஒருவரைச் சொன்னால், அவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது நாணயத்தை இன்று 300 முதல் 900 வரை ஓடும் சிபில் ஸ்கோராக போனில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தெரிந்த தம்பி ஒருவன். 2020 ஊரடங்கில் வேலை போனது. கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல், கடைசியில் வங்கியிடம் பேசி ஒரு தொகைக்கு முடித்துக்கொண்டான். முழுசாகக் கட்டியிருந்தால் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ என்று ஏறும்; குறைத்துக் கட்டியதால் ‘செட்டில்டு’. அதன்பிறகு யாரும் கார்டு தரவில்லை, ஒரு வகையைத் தவிர. 20,000 ரூபாயை வைப்புநிதியில் போட்டு, அதன்மேல் 16,000 லிமிட்டில் ஒரு கார்டு. கட்டாமல் விட்டால் வைப்புநிதியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். தன் காசை அடகு வைத்து தன் காசையே கடன் வாங்குவது!

ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்குது. லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் செலவழித்தான். மினிமம் டியூ பக்கமே போகாமல் முழு பில்லையும் தேதிக்கு முன்னால் கட்டினான். அதாவது, கடன் தேவையில்லாத மனுஷன் மாதிரியே மாதாமாதம் கடன் வாங்கினான். ஒன்றரை வருஷத்தில் அடகில்லாத கார்டு வந்தது, 40,000 லிமிட். அப்புறம் ஒரு லட்சம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, “அண்ணே, என்னை மறுபடி நம்புறாங்கண்ணே” என்றான்.

நம்புறாங்களா? பில்லை முழுசாகக் கட்டுகிறவனிடம் வங்கிக்குப் பெரிதாக வருமானமில்லை. கொஞ்சம் சறுக்கினால்தான், மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தாலே வருஷத்துக்கு 42 வட்டி. உயர்ந்த லிமிட் பரிசும்தான், தூண்டிலும்தான். வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் லிமிட்டை உயர்த்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவில் எழுதிவைத்திருக்கிறது. வெறும் பரிசுக்கு யாராவது தடை போடுவார்களா?

இதனால் பழைய மளிகைக்கடை நோட்டுக்கு ஏங்கவும் எனக்கு மனசில்லை. அண்ணாச்சி ‘ஏன் கட்டலை’ என்று கேட்பார், அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் பொறுப்பார். ஆனால் ‘எந்தத் தெரு, யார் மகன்’ என்றும் கேட்டுவிட்டுத்தான் நோட்டையே திறப்பார். ஸ்கோர் சாதி கேட்பதில்லை. காரணமும் கேட்பதில்லை. ஆபரேஷனுக்காகத் தவறிய தவணையும் கோவா டூருக்காகத் தவறிய தவணையும் அதற்கு ஒன்றுதான்.

காண்ட் 1785-ல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தையிடமும் சரியான விலைதான் வாங்குவார். அது வியாபாரத்துக்கு நல்லது என்பதற்காக மட்டும் அப்படிச் செய்தால் அதில் அறத்தின் மதிப்பு இல்லை என்பது காண்ட் கட்சி. எனக்கு அவ்வளவு கறார் கிடையாது. ஸ்கோருக்காகப் பழகிய ஒழுங்கு நாளடைவில் குணமாகவே ஆகிவிடலாம். வேறு எதனால்தான் நமக்குக் குணம் வந்தது?

ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. அதே ஊரடங்கில் கூடப் படித்தவன் ஒருவன் இவனுக்கு ஐயாயிரம் கொடுத்தான். வட்டியில்லை, கெடுவில்லை. திரும்பி வராமலே போகலாம் என்று தெரிந்துதான் கொடுத்திருப்பான். அந்தக் கடன் எந்த அறிக்கையிலும் ஏறாது. கார்டு பில்லைக் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே கட்டுகிற தம்பி, அந்த ஐயாயிரத்தை இன்னும் கொடுக்கவில்லை. கேட்டேன். “அவன் ஒண்ணும் நினைக்கமாட்டான்ணே” என்றான்.