பழைமை பேணலும் பிறர் உயிரும்: ட்ரைட்டன் மோட்டார் சைக்கிளை முன்வைத்து ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பழையன பேணப்படல் வேண்டும் என்பது நாகரிக சமுதாயங்கள் யாவும் ஏற்றுக்கொண்ட விழுமியமாகும். ஏட்டுச் சுவடி, கல்வெட்டு, சிற்பம், கட்டடம் முதலியவற்றை அவை தோன்றியவாறே பேணுவதிற் கருத்து வேற்றுமை பெரிதும் இல்லை. சிதைந்த சிற்பம் ஒன்றின் முகத்தைச் சீமெந்து பூசிச் செப்பனிட முற்படுபவனை உலகம் கலையுணர்வற்றவன் எனப் பழிக்கும். ஆயின், பேணப்படும் பொருள் ஓரிடத்தில் நிலைத்து நில்லாது, மக்கள் நடமாடும் வீதியில் மணிக்கு நூறு கிலோமீற்றர் கதியில் விரையும் பொருளாயின் அதே விதி அதற்கும் பொருந்துமா? 'உள்ளவாறே பேணுக' என்னும் கட்டளையும் 'பிறருக்குத் தீங்கிழையாதே' என்னும் கட்டளையும் மோதுமிடத்து எது மேலோங்குதல் வேண்டும்?

இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் நின்று ஆராய்வதிலும், குறிப்பிட்ட ஒரு பொருளைக் கொண்டு ஆராய்வது பயனுடையது. பிரித்தானியாவிலே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான ட்ரைட்டன் எனும் மோட்டார் சைக்கிள் அத்தகைய பொருள்களுள் ஒன்றாகும். அதன் முன்கவையையும் முன் பிறேக்கையும் பிற்காலத்து உறுப்புகளால் மாற்றுதல் தகுமா எனும் விவாதத்தினுள், அடையாளம், சுதந்திரம், பொறுப்பு ஆகிய மெய்யியற் பிரச்சினைகள் மூன்றும் அடங்கியுள்ளன.

ட்ரைட்டனின் தோற்றம்

ட்ரைட்டன் எனும் பெயரே அதன் பிறப்பை உணர்த்துவது. ட்ரயம்ப் நிறுவனத்தின் எஞ்சினையும் நோட்டன் நிறுவனத்தின் சட்டகத்தையும் ஒன்றிணைத்தமையால், அவ்விரு பெயர்களின் கூறுகளும் இணைந்து இப்பெயர் உண்டாயிற்று. நோட்டனின் புகழ்பெற்ற சட்டகம் பெல்பாஸ்ற் நகரைச் சேர்ந்த ரெக்ஸ் மக்கான்ட்லெஸ் என்பவரால் வடிவமைக்கப்பட்டது. 1950இல் ஐல் ஒவ் மான் தீவில் நடைபெற்ற சீனியர் ரி.ரி. போட்டியில் முதல் மூன்று இடங்களையும் நோட்டன் பெறுவதற்கு அது துணைநின்றது. அதன்மேல் அமர்ந்து செல்வது இறகு மெத்தையில் அமர்ந்தது போன்றது என ஓட்டவீரர் ஹரல்ட் டானியல் வியந்தமையால் 'பெதர்பெட்' எனும் பெயர் அதற்கு நிலைத்தது. மறுபுறம், எட்வேட் ரேணர் வடிவமைத்து 1937இல் வெளிவந்த ட்ரயம்ப் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் படிப்படியாக வலுப்பெற்று, 1959ஆம் ஆண்டின் பொனவில் மாதிரியில் உச்சத்தை எட்டியது.

அக்காலத்து 500 கன சென்ரிமீற்றர் பந்தயக் கார்களுக்கு நோட்டன் பந்தய எஞ்சின் பெரிதும் விரும்பப்பட்டது. எஞ்சின் தனித்து விற்கப்படாமையால், முழு வண்டியையும் வாங்கி எஞ்சினைக் கழற்றி எடுப்போர் இருந்தனர். எஞ்சின் இழந்த சட்டகங்கள் எஞ்சின. அவற்றிலே ட்ரயம்ப் எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் இவ்வாறு ஊக்கம் பெற்றது. புதிய பந்தய வண்டியை வாங்கும் வசதியற்ற உழைக்கும் இளைஞர் பலர் தம் கையாலேயே இதனை ஆக்கிக்கொண்டனர். இலண்டன் நோத் சேர்குலர் வீதியில் 1938இல் திறக்கப்பட்ட ஏஸ் கபே எனும் தேநீர்க்கடை அன்னோர் கூடுமிடங்களுள் ஒன்றாயிற்று. மணிக்கு நூறு மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீற்றர் கதியை எட்டுவதே அவர்களது இலட்சியமாக விளங்கியது. 1965இல் பார்சலோனாவில் நடந்த 24 மணி நேர ஓட்டப்போட்டியில் ட்ரைட்டன் ஒன்றே வெற்றியீட்டியது.

நிறுத்தும் ஆற்றலின் எல்லை

விரையும் ஆற்றல் இவ்வாறு வளர்ந்ததாயினும், நிறுத்தும் ஆற்றல் அதனோடு ஒப்ப வளரவில்லை. அக்காலத்து நோட்டன் வீதி மாதிரிகளில் முன் சில்லில் அமைந்தது 8 அங்குல ட்றம் பிறேக்காகும். சில்லோடு சுழலும் குழிவான உருளையின் உட்புறத்தை வளைந்த இரு கட்டைகள் அழுத்த, உராய்வினால் இயக்கச் சக்தி வெப்பமாகின்றது. கதி இரு மடங்காகுமிடத்து அச்சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிகவியலின் பாலபாடம். 160 கிலோமீற்றர் கதியிற் செல்லும் வண்டியை நிறுத்துங்கால், 80 கிலோமீற்றர் கதியில் உண்டாவதைப் போல நான்கு மடங்கு வெப்பம் உண்டாகின்றது. மூடிய உருளையினுள் அவ்வெப்பம் தேங்குகின்றது. உருளை விரிந்து கட்டைகளை விட்டு அகலுகின்றது. கட்டைகளின் மேலுள்ள லைனிங்கின் உராய்வுத் திறனும் குன்றுகின்றது. முதன்முறை நன்கு பிடித்த பிறேக், நீண்ட சரிவொன்றில் ஐந்தாம் ஆறாம் முறை கைப்பிடியை முற்றாக இறுக்கியும் பிடியாது போவதற்குக் காரணம் இதுவே.

டிஸ்க் பிறேக்கிலே, திறந்த காற்றிற் சுழலும் தட்டொன்றைத் திரவ அழுத்தத்தினால் இயங்கும் கவ்வி இருபுறமும் பற்றுகின்றது. வெப்பம் விரைவிற் காற்றோடு கலந்துவிடுகின்றது. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட பெரிய மோட்டார் சைக்கிள்களுள் 1969ஆம் ஆண்டு வெளிவந்த ஹொண்டா சி.பி. 750 இதனை முன் சில்லிற் கொண்டு வந்தது. நோட்டன் 1972இலும் ட்ரயம்பின் பொனவில் 1973இலும் அவ்வழியைப் பின்பற்றின. ட்ரைட்டனைப் பெற்ற இரு நிறுவனங்களுமே தம் பழைய பிறேக்கைக் கைவிட்டன என்பது மனங்கொளற்பாலது.

முன்கவையின் நிலையும் இதனோடு தொடர்புடையது. பிறேக் பிடிக்குமிடத்துப் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து, ஒன்றினுள் ஒன்று வழுக்கும் கவைக் குழாய்கள் தாழ்கின்றன. உள்ளே உள்ள சுருள்வில் நலிந்திருப்பின், அதிர்வைத் தணிக்கும் எண்ணெய் குறைந்திருப்பின், அன்றித் தேய்ந்த குழாய்கள் தம்முள் ஆடுமாயின், மேடுபள்ளமான வீதியிலே சில்லு துள்ளத் தொடங்கும். சில்லு வீதியைப் பற்றாத கணத்தில் எத்துணை வலிய பிறேக்கும் பயனற்றது. எனவே கவையைத் திருத்தலும் பிறேக்கைத் திருத்தலும் இரு வேறு கருமங்களல்ல.

மாறியபின் அது அதுவேயா?

மாற்றத்தை மறுப்போர் முன்வைக்கும் முதலாவது வாதம் அடையாளம் பற்றியது. முன்கவையும் முன் சில்லும் மாறியபின் அது ட்ரைட்டனே அன்று என்பர். இவ்வினா பழைமையானது. தீசியசின் கப்பலிற் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டமை பற்றியும், அது அதே கப்பலா என மெய்யியலாளர் வாதிட்டமை பற்றியும் புளூட்டாக் எழுதினார். கழித்த பழைய பலகைகளைக் கொண்டு இன்னொரு கப்பல் கட்டப்படின் எது உண்மையான கப்பல் என ஹொப்ஸ் 17ஆம் நூற்றாண்டில் வினாவைச் சிக்கலாக்கினார். பாளி மொழியிலுள்ள மிலிந்த பன்ஹ நூலிலே, தேர் என்பது அச்சா, சில்லா, நுகமா என நாகசேனர் மன்னன் மிலிந்தனைக் கேட்கின்றார். அவற்றுள் எதுவும் தேரன்று. அவை கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது அவ்வுரையாடலிற் பெறப்படும் முடிவு.

நாகசேனரின் நோக்கு ட்ரைட்டனுக்குப் பெரிதும் பொருந்துவது. அது தொடக்கம் முதலே இரு வேறு வண்டிகளின் உறுப்புகள் கூடியமையால் உண்டானது. எதனை அதன் மூலவடிவம் என்பது? ட்ரயம்பை மூலமெனின் சட்டகம் அந்நியம். நோட்டனை மூலமெனின் எஞ்சின் அந்நியம். மேலும், அதனை ஆக்கியோர் தொழிற்சாலை தந்ததைத் தந்தவாறே ஏற்க மறுத்தவர்கள். கிடைத்தவற்றுள் மேலானதைத் தேடிப் பொருத்துவதே அவர்களது மரபு. அவர்கள் செய்தவற்றை எவரும் தீண்டலாகாது எனக் காவல் புரிவோன், அவர்களது வினைப்பயனைப் போற்றி அவர்களது வினைமுறையை மறுக்கின்றான். மரபு பற்றிய விவாதங்கள் பலவற்றிலும் இம்முரண்பாடு உண்டு.

1974இல் வெளிவந்த ரொபேட் பேர்சிக்கின், சென் நெறியையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் இணைத்து நோக்கும் நூலில் இதனையொத்த நிகழ்ச்சியொன்று உண்டு. நண்பனின் விலையுயர்ந்த வண்டியிற் கைபிடித்தண்டு தளர்ந்துவிட, பியர் தகரத்திலிருந்து வெட்டிய மெல்லிய தகட்டை இடையிற் செருகலாம் எனக் கதைசொல்பவர் ஆலோசனை கூறுகின்றார். நண்பனோ மனம் புண்படுகின்றான். தகடு ஆற்றும் தொழிலை ஒருவர் நோக்க, அது வந்த இடத்தை மற்றவர் நோக்குகின்றார். ட்ரைட்டன் பற்றிய விவாதத்திலும் பிளவு இவ்விடத்தேதான்.

எனினும் இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிடல் நேர்மையாகாது. பழைய பொருள் ஓர் ஆவணமுமாகும். 1960ஆம் ஆண்டின் இளைஞன் எத்தகைய பிறேக்கை நம்பி நூறு மைல் கதியில் விரைந்தான் என்பதை, மாற்றப்படாத வண்டியே சான்றோடு உரைக்கும். போட்டியில் வென்ற வண்டியோ, தோன்றியவாறே எஞ்சிய அரிய வண்டியோ அரும்பொருட் சாலைக்குரியது. அதனைத் தீண்டாமையே கடமை. வீதியில் ஓடும் வண்டியிலும் சட்டகத்தை வெட்டாது, பழைய கவையையும் ட்றம்மையும் பேணி வைத்து, வேண்டியபோது மீளப் பொருத்தத்தக்கவாறு மாற்றுவது ஆவணத்துக்கு உரிய மரியாதையாகும். ஆயின், வண்டி ஆவணமாக இருக்க வேண்டுமா, வீதியில் ஓட வேண்டுமா என்பதை உரிமையாளன் முதலில் தீர்மானித்தல் வேண்டும். ஆவணத்துக்குரிய சலுகையோடு வீதியில் ஓடுதலை அவன் கோரமுடியாது.

தன் உயிரும் பிறர் உயிரும்

இரண்டாவது வாதம் சுதந்திரம் பற்றியது. வண்டி என்னுடையது, உயிரும் என்னுடையது, அபாயத்தை நான் அறிந்தே ஏற்கின்றேன் என்பான் உரிமையாளன். பிறருக்குத் தீங்கு விளையாதவிடத்துத் தனிமனிதனின் செயலிற் சமுதாயம் தலையிடலாகாது என 1859இல் மில் வகுத்த கோட்பாடு இவனுக்குத் துணையாகத் தோன்றும். ஆயின் வண்டியின் உறுப்புகள் யாவும் இவ்வாதத்துக்கு ஒரே வகையில் உட்படுவனவல்ல. எஞ்சின் வலுக்குன்றின் அவனே பிந்திச் சேர்வான். ஆசனம் கடினமாயின் அவனே வலியை அனுபவிப்பான். பிறேக் குன்றின், அவனோடு பின்னால் அமர்ந்தவரும், வீதியைக் கடக்கும் முதியவரும், பந்தைத் தொடர்ந்து ஓடிவரும் சிறுவனும் அதன் பயனை அனுபவிப்பர். அவர்கள் அபாயத்தை அறியவுமில்லை, ஏற்கவுமில்லை. ஆகவே மில்லின் கோட்பாடு பிறேக்கைப் பொறுத்தவரை உரிமையாளனுக்கு எதிராகவே திரும்புகின்றது.

மெதுவாகவும் போதிய இடைவெளி விட்டும் ஓட்டுபவனுக்குப் பழைய பிறேக் போதாதா எனக் கேட்கலாம். இது வலுவான மறுப்பு. செவ்வனே சீர்செய்த ட்றம் பிறேக்கோடு நிதானமாகச் செல்பவன், புதிய டிஸ்க்கை நம்பிக் கண்மூடி விரைபவனிலும் ஒழுக்கத்தால் மேலானவன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிதானம் முன்கூட்டியே காணக்கூடியவற்றுக்கே உதவும். 60 கிலோமீற்றர் கதியிற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடந்துவிடும்; கண் கண்டு கை அழுத்துமுன் அத்தூரம் கழிந்துவிடுகின்றது. எஞ்சிய தூரத்தில் மனிதனின் நல்லெண்ணத்துக்குத் துணையாவது பிறேக்கே. எனவே டிஸ்க் பொருத்துவது கடமை எனப் பொதுப்பட விதிப்பதிலும், எக்கதியில் எவ்வீதியில் ஓட்டுகின்றானோ அதற்கு ஈடான நிறுத்தும் ஆற்றலை உடைத்தாயிருத்தல் கடமை என விதிப்பதே பொருத்தமாகும். ட்ரைட்டன் விரைவுக்கென்றே பிறந்தமையால் இக்கடமை அதன்மேற் கனதியாகச் சுமத்தப்படுகின்றது.

வண்டியைத் திருத்துபவரின் உயிரும் கணக்கில் எடுக்கப்படல் வேண்டும். பழைய பிறேக் லைனிங்குகள் பெரும்பாலும் அஸ்பெஸ்தஸ் கலந்தவை. ட்றம்மைத் திறந்து தூசியை ஊதித் துடைத்த தொழிலாளரின் நுரையீரலே பழைய பிறேக்கின் விலையிற் பங்கு செலுத்தியது. பிரித்தானியா 1999இல் அப்பொருளைத் தடைசெய்தது. அந்தப் பழைய லைனிங்கே வேண்டும் என அடம்பிடிப்பவன் உண்மைத்தன்மையின் பெயரால் எதனைப் பேணுகின்றான்?

சட்டம் இவ்விடயத்தில் முழுமையான வழிகாட்டியன்று. பிரித்தானியாவில் 2018 மே மாதம் தொடக்கம், 40 ஆண்டுகளைக் கடந்து, கணிசமான மாற்றத்துக்கு உட்படாத வண்டிகள் வருடாந்தப் பரிசோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்டுள்ளன. ஆயின், வீதிக்கேற்ற நிலையில் வண்டியை வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளனை விட்டு நீங்கவில்லை. பிறர் பரிசோதியாதவிடத்து மனச்சாட்சியே பரிசோதகராக அமைதல் வேண்டும்.

அரைகுறைத் திருத்தம்

மாற்றத்தை ஆதரிப்போரும் ஓர் எச்சரிக்கைக்கு உரியர். வலிய பிறேக்கை நலிந்த கவையிற் பொருத்துமிடத்து அபாயம் நீங்குவதில்லை, இடம் மாறுகின்றது. கவ்வி பற்றும் விசை ஒரு பக்கக் குழாயை முறுக்குகின்றது. அம்முறுக்கைக் கவையை இணைக்கும் தகடுகளும், அவற்றின் வழியே சட்டகத்தின் தலைப்பகுதியும் தாங்க வேண்டியுள்ளன. கவை அளவுக்கு மீறித் தாழின் முன்புறச் சாய்வு மாறி, நேர்ச்செல்லும் உறுதி குன்றும். புதிய கவை பழையதிலும் நீளங் குறைந்ததாயின் வண்டியின் நிலையே மாறிவிடும். சுருள்வில்லின் வலு, எண்ணெயின் தடிப்பு, தலைப்பகுதிப் போல்பெயாரிங், சில்லின் அச்சு, ரயர் ஆகிய யாவும் ஒன்றையொன்று நோக்கித் தெரிவுசெய்யப்படல் வேண்டும். பார்வைக்குக் கவர்ச்சியாக ஒரு தட்டை மட்டும் தொங்கவிடுபவன், தனக்கும் பிறருக்கும் பொய்யான நம்பிக்கையை விற்பவனாவான். அந்நம்பிக்கை அவனை மேலும் விரையத் தூண்டும்.

நிறுவனங்களும் வழக்காறுகளும் இத்தகையனவே. ஓர் உறுப்பை வலுப்படுத்தி, அது தரும் சுமையை அடுத்த உறுப்பு தாங்குமா என நோக்காத சீர்திருத்தம், பழைமையிலும் கேடு விளைத்தல் கூடும். எனினும் அரைகுறைத் திருத்தத்தின் தீமை முழுமையாகத் திருத்துவதற்கான நியாயமேயன்றித் திருத்தாமைக்கான நியாயமன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பழைமை பேணலும் பிறருயிர் பேணலும் இயல்பிலே பகையானவையல்ல என்பது பெறப்படும். அரும்பொருட் சாலையில் வைக்கப்பட்ட ட்ரைட்டனுக்கு உள்ளவாறு இருத்தலே உண்மைத்தன்மை. வீதியில் ஓடும் ட்ரைட்டனுக்கோ, அதனை ஆக்கியோரின் தேடலைத் தொடர்தலே உண்மைத்தன்மை. அதன் எஞ்சினின் ஒலியையும் சட்டகத்தின் அழகையும் உரிமையாளன் தன் விருப்பப்படி பேணலாம். முன் சில்லையும் அதனைத் தாங்கும் கவையையும் பொறுத்தவரை அவன் மட்டுமே உரிமையாளன் அல்லன். எதிரே வரும் அறியாத மனிதனுக்கும் அவற்றிற் பங்குண்டு. அம்மனிதன் விவாதத்துக்கு அழைக்கப்படுவதில்லை. ஆதலின் அவனது பக்கத்தை உரிமையாளனே சிந்தித்தல் வேண்டும்.