கழற்றிக் காட்டியவர்

பிரேக் மிதித்தால் கிறீச்சென்று சத்தம். முதலில் போன பட்டறையில், "சாரை வரச் சொல்லுங்க மேடம், அவர்கிட்ட சொல்லிக்கிறோம்" என்றார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது. கடனும் நான்தான் கட்டுகிறேன். கணவர் போனில் பேசியதும், பேடு, டிஸ்க் எல்லாம் மாற்றணும் என்று பெரிய தொகை சொன்னார்கள்.

பிரேக் வேலை மட்டுமே பார்க்கும் இன்னொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் சக்கரத்தைக் கழற்றி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். "பேடு இன்னும் 6 மில்லி இருக்கும்மா. 3 வந்தா மாத்திடணும். இப்ப தூசிதான்." சுத்தம் செய்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இதை அவருடைய நல்ல மனசு என்று முடித்துவிடலாமா? பெண்ணியத் தத்துவவாதி ஆனெட் பேயர், நம்பிக்கை பற்றி 1986இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையைச் சொல்கிறார்: இந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பது இருவருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த பிறகும் அது நிலைக்குமா?

முதல் பட்டறைக்காரர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. எனக்குக் காட்டவில்லை, நான் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று நினைத்தார்கள். பெரியவரோ தெரியவைத்தே என் நம்பிக்கையைச் சம்பாதித்தார்.

"உனக்கெதுக்கு இதெல்லாம், நாங்க பார்த்துக்கிறோம்" என்று வீட்டிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது அன்பாகவும் இருக்கலாம். அன்பானாலும், ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லுவோம். கேட்டதற்குக் கோபப்படாதவரை நம்பலாம்.