கிழமைப் பெயரில் நின்ற தேவர்



ஆங்கிலக் கிழமைப் பெயர்களைச் சிறார்க்கு மனனஞ் செய்விக்கின்ற நாம், அவற்றுள் நான்கு பண்டை வடவைரோப்பியரின் தேவர் பெயர்களால் அமைந்தவை என்பதை எடுத்துரைப்பதில்லை. உரோமரிடமிருந்து வாரமுறையைக் கற்ற அம்மக்கள், செவ்வாய்க்கு டியூ என்னும் போர்த்தேவனையும், புதனுக்கு அறிவின்பொருட்டுத் தன் ஒரு கண்ணை ஈந்த வோடனையும், வியாழனுக்குச் சம்மட்டியேந்திய இடித்தேவனாகிய தோரையும், வெள்ளிக்கு வோடன் தேவியாகிய பிரிக்கையும் உரியராக்கினர். இத்தேவர் தமக்கும் ஓர் இறுதிப் போரில் அழிவுண்டென்று அறிந்தே வாழ்ந்தவர் என்பது கதை. அயன் மால் முதலியோர்க்கும் ஒடுக்கங் கூறும் நமக்கு இது புதிதன்று.

மாங்கேணியில் ஒருநாள் யாம் இதனை விரித்தபோது, "தோரைப் படத்தில் கண்டிருக்கிறோம், சேர்" என்று வகுப்பு முழுதும் ஆரவாரித்தது. ஒரு மாணவன் மட்டும், "அவருக்கு இப்போது கோயில் எங்கே, சேர்?" என்றான்.

ஐஸ்லாந்துத் தீவினர் கி.பி. 1000 அளவில் கிறித்து சமயந் தழுவினர். இரு நூற்றாண்டு கழிய, 1220 அளவில், ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்னும் கிறித்தவப் புலவர், பழம் பாட்டுக்களின் பொருள் இளம் புலவர்க்கு விளங்கவேண்டி அத்தேவர் கதைகளை எட்டா என்னும் நூலில் எழுதிவைத்தார். 1972இல் அத்தீவிற் சிலர் அவ்வழிபாட்டைப் புதுக்கச் சபையொன்று நிறுவினர். வழிவழி வந்த பூசகர் ஒருவருமின்மையால் ஏட்டைப் பார்த்தே தொடங்கவேண்டியதாயிற்று.

இவ்விடையைக் கேட்டு நின்ற அம்மாணவன் கீழ்க்கரை வேடர் குடியினன். சில திங்கள் முன்னர், தன் வீட்டார் கப்பல் தெய்வத்திற்குச் சடங்கு செய்ததை அவன் கூறியபோது, "அஃது ஆகமத்தில் இல்லை" என்று கடிந்து இருத்தினோம். எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வுருவாய் வந்து அருள்பவன் சிவனே என்னுஞ் சிவஞான சித்தியார்ப் பொருளைப் பலர்க்குப் பாடஞ் சொன்ன வாய் அது! மிஷன் கல்லூரியிற் பயின்ற காலத்து எம் நெற்றித் திருநீற்றைக் கண்டு ஓராசிரியர் நகைத்தது எமக்கு இன்னும் ஆறவில்லை; அதனையே மற்றொரு பிள்ளைக்குச் செய்தோம்.

1911இல் செலிக்மன் தம்பதியர் வேடரைப்பற்றி எழுதிய ஆங்கில நூலில் கீழ்க்கரையாரின் வணக்கமும் பேசப்படுகின்றது. பின்னர் 2004 ஆழிப்பேரலையும், 2006–2007 போரும் வாகரைப் பக்கத்தாரை ஊர்விட்டு அலையச் செய்தன. பாட்டறிந்த முதியோர் இன்று சிலரே.

இப்பொழுது அம்மாணவன், தன் அம்மம்மா சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிவருகின்றான். யாம் எழுத்துப்பிழை மட்டுந் திருத்துகின்றோம். வழக்குச் சொற்களைத் தொடுவதில்லை. சில சொற்களைச் சடங்கிற்குப் புறத்தே உரைக்கலாகாதென்று அம்மூதாட்டியார் மறுத்துவிட்டார். அவ்விடங்களை வெறுமையாய் விடுமாறு அவனுக்குச் சொல்லியிருக்கின்றோம்.