நிழல் இல்லாத நண்பகல்

1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துக் காட்டினார். விடையில் பிழை நிமிடக் கணக்கில்தான் இருந்தது. அதைத் தம் 'கால சங்கலிதம்' நூலில் பதிவுசெய்த வானியலாளர் ஜான் வாரன், கணக்கின் பின்னுள்ள கோட்பாடு அந்தக் கணிதருக்குத் தெரியவில்லை என்றும் எழுதினார். காரணம் புரியாமலும் சரியான விடையை எட்டலாம் என்பதற்கு இது சான்று. நம் தேர்வுத்தாள்களிலும் இதுவே நடக்கிறது. சோழி போன்ற செய்முறைப் பொருள்கள் வகுப்புக்குள் வந்துவிட்டால் மட்டும் அறிவியல் வந்துவிடாது. 'ஏன்' என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

அதற்கு ஒரு குச்சி போதும். ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 நாள்களை ஒட்டி, நண்பகல் 12.10 மணியளவில் புதுச்சேரியில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் மறைகிறது. அன்று ஏன் மறைந்தது, டெல்லியில் ஏன் எந்நாளும் மறைவதில்லை என்று மாணவர்களே விவாதிக்கட்டும். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்கிற ஆசிரியரின் கவலை நியாயமானது. ஆனால் அட்சரேகை, புவியச்சின் சாய்வு, பருவகாலம், கோண அளவு ஆகிய நான்கும் பாடத்திட்டத்தில் உள்ளவையே. அந்த ஒரு பாடவேளை நான்கையும் இணைத்துவிடுகிறது. காரணம் விளங்கிய மாணவருக்குத் தேர்வில் கேள்வியை மாற்றிக் கேட்டாலும் விடை தெரியும்.