உச்சநேரத்து அறம்

தனியொருவனது செயலால் யாதொரு மாற்றமும் விளையாதெனத் தோன்றுமிடத்து, அவனுக்குக் கடமையென ஒன்று உண்டா? அறவியலின் இப்பழைய வினாவை, மாலை வேளையில் மின்னாளியை அழுத்தும் ஒவ்வொருவரும் தாமறியாமலே எதிர்கொள்கின்றனர்.

குளத்து நீரைப் போல மின்சாரத்தைப் பெருமளவில் தேக்கிவைத்தல் எளிதன்று. கணந்தோறும் நுகரப்படும் அளவு கணந்தோறும் பிறப்பிக்கப்படல் வேண்டும். அச்சமநிலை குலையின் 50 ஹேட்ஸ் என்னும் மீடிறன் தளம்பும்; மிகத் தளம்பின் நாடே இருளும். இலங்கையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான நான்கு மணித்தியாலங்கள் உச்சநேரமெனக் கொள்ளப்படுகின்றன. அப்பொழுது கூரைகளிலுள்ள சூரியகலங்கள் ஓய்ந்துவிடும். செலவுமிக்க எண்ணெய் மின்னிலையங்களின் துணையை நாட நேரும். ஆகவே, எவ்வளவு நுகர்கிறோம் என்பதோடு எப்பொழுது நுகர்கிறோம் என்பதும் அறவினாவாகிறது. ஆடை அழுத்துதலையும் நீரிறைத்தலையும் பகலுக்கு ஒத்திவைப்பவர் எதனையும் இழப்பதில்லை. பிறர்க்கு முறை விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவே.

“என் ஒருவனால் என்ன ஆகும்?” என்பர் சிலர். இவ்வாறு கூறும் இலட்சக்கணக்கானோரின் கூட்டுத்தொகைக்கே உச்சநேரம் என்று பெயர். பங்கு சிறிதாயின் பொறுப்பும் சிறிதாகலாம்; இல்லாமற் போகாது.

மற்றொரு மறுப்பு வலிமையானது. ஒரு மின்குமிழோடு வாழும் வீட்டிடமும், அறைக்கொரு குளிரூட்டி பொருத்திய வீட்டிடமும் ஒரே சிக்கனத்தைக் கோருதல் நீதியாகுமா? ஆகாது. ஆயின், கேள்வி நிரம்பலை மிஞ்சும்பொழுது நிகழ்வது யாது? உபமின்நிலையத்தில் ஒரு பகுதிக்குரிய மின்வழி துண்டிக்கப்படுகிறது. அங்குள்ள ஆளிக்குக் குளிரூட்டியும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவியின் விளக்கும் ஒன்றே. 2022 மார்ச் இறுதியில், அந்நியச் செலாவணியின்மையால் எரிபொருள் அருகி, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. அந்நெருக்கடியைப் பாவனையாளரின் சிக்கனம் மாத்திரம் தீர்த்திருக்காது என்பது உண்மையே. எனினும், சொந்த மின்பிறப்பாக்கி உடையோரையும் மண்ணெண்ணெய் விளக்குக்கும் வழியற்றோரையும் ஒரே வெட்டு எத்துணை வேறாகத் தாக்கும் என்பதை அது காட்டிற்று.

தேவையையும் வசதியையும் பிரித்தறிய வல்லது பாவனையாளனின் மனச்சாட்சி ஒன்றே. அது இயங்காதவிடத்து, எதனையும் பிரித்தறியாத ஆளி இயங்கும். எனவே, மிகுதியாக நுகர்பவன் முதலில் விட்டுக்கொடுப்பதை ஈகையெனப் போற்றவேண்டியதில்லை. அஃது அவன் தீர்க்கவேண்டிய கடன்.